போர்ட் என்றால் துறைமுகம் மட்டும்தானா?

உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: “போர்ட் என்றால் துறைமுகம் என்று சின்ன வகுப்பில் படித்தோம். இப்போது பார்த்தால் கப்பலின் இடப்பக்கமும் போர்ட், கணினியில் வயர் செருகும் இடமும் போர்ட், ஒரு வகை வைனும் போர்ட். எல்லாம் ஒரே சொல்லா? எங்கிருந்து வந்தது? தமிழில் எழுதும்போது எப்படி எழுதுவது?”

இதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. இந்தச் சொல்லில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன்.

திருகோணமலையில் மொழிபெயர்ப்பு வேலை தொடங்கிய புதிது. கொட்டியாரக்குடாவில் இரண்டு படகுகள் மோதிக்கொண்டன. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, படகுக்குத்தான் அடி. காப்புறுதிக்காக ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை தமிழாக்கத்துக்கு என்னிடம் வந்தது. ‘போர்ட் பவ்’ உடைந்துபோயிற்று என்று அதில் இருந்தது. ‘பவ்’ என்று இப்போது எழுதுகிறேன். அன்று அந்த மூன்று எழுத்தை ‘போ’ என்றுதான் வாசித்தேன். ‘போ’ என்றால் வில். ஆகவே “துறைமுக வில்லில் பாரிய சேதம்” என்று நேர்த்தியாகத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன்.

படகுக்காரர் மூதூரைச் சேர்ந்த வயதானவர். தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “தம்பி, துறைமுகத்தில வில்லு எங்க கிடக்குது? இராவணனைத் தேடி வந்த இராமர் விட்டிட்டுப் போனதோ?”

அத்தோடு விடவில்லை. என்னைக் கையோடு கரைக்குக் கூட்டிப்போனார். மணலில் இழுத்து வைத்திருந்த படகின் முன்பக்கத்தில், ஃபைபர் பிளந்து வெள்ளை வெள்ளையாகச் சிலும்பு நின்ற இடத்தில் என் கையைப் பிடித்து வைத்தார். “அணியத்தில இடதுகைப் பக்கம். இதைத்தான் இங்கிலீசில எழுதியிருக்கிறாங்கள்.” சிலும்பு விரலில் ஏறி இரண்டு நாள் கடுத்தது. அந்தப் பாடம் மறக்கவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். இவை எல்லாம் ஒரே சொல் இல்லை. லத்தீன் மொழியில் மூன்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. ‘போர்த்துஸ்’ என்றால் துறைமுகம். ‘போர்த்தா’ என்றால் வாயில், கதவு. ‘போர்த்தாரே’ என்றால் சுமந்து செல்லுதல். இவற்றில் சில நேராகவும் சில பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்குள் வந்தன. வரும் வழியில் வால்கள் அறுந்து மூன்றும் ‘போர்ட்’ என்று ஒரே முகம் கொண்டுவிட்டன. ஆனால் இன்னும் பின்னால் போனால் மூன்றுக்கும் ஒரே மூதாதை இருக்கிறது. கடந்து போதல் என்ற பொருளில் மொழியறிஞர்கள் மீட்டெடுத்த ‘பெர்’ என்ற மிகப் பழைய வேர் அது. எனவே உறவா என்று கேட்டால், ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று சொல்லலாம்.

முதலில் துறைமுகம். போர்த்துஸ் என்ற சொல்லுக்கு அடியில் இருந்த பொருள் கடந்து போகும் இடம், நுழையும் வழி. இதே மூலத்தில் பிறந்து வேறு பாதையில் வந்த ஆங்கிலச் சொல் ‘ஃபோர்ட்’. கோட்டையைச் சொல்லவில்லை. ஆற்றில் ஆழம் குறைந்து, நடந்தே கடக்கக்கூடிய இடத்துக்குப் பெயர் அது. ஆக்ஸ்ஃபோர்ட் என்ற ஊர்ப்பெயரின் வாலில் இருப்பது இந்தச் சொல்தான். எருதுகள் ஆற்றைக் கடக்கும் இடம் என்பது அந்த ஊரின் பெயர். லத்தீனில் ‘ப’ வரும் இடத்தில் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் ‘ஃப’ வருவது ஒழுங்கான மாற்றம். அங்கே ‘பாத்தர்’, இங்கே ‘ஃபாதர்’. அங்கே ‘பிஸ்கிஸ்’, இங்கே ‘ஃபிஷ்’. அதேபோலத்தான் போர்த்துஸும் ஃபோர்டும்.

ஆற்றைக் கடக்கும் இடத்தைக் குறித்த சொல் துறைமுகத்துக்கும் வந்து நிற்பது வேடிக்கையாகத் தோன்றுகிறதா? நம் ‘துறை’யை எடுத்துப் பாருங்கள். நீரில் இறங்கும் இடம், ஏறும் இடம், அதுதான் துறை. குளிக்கிற துறை, ஓடம் கட்டுகிற துறை. அந்தச் சொல் ஊர்களின் பெயரில் ஒட்டிக்கொண்டு பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, அம்பிளாந்துறை என்று நிற்கிறது. அதனோடு முகம் சேர்ந்து துறைமுகம் ஆயிற்று. பிறகு தண்ணீரை விட்டே ஏறிவிட்டது. ஒரு கல்வியைக் கரை கண்டவரைத் ‘துறைபோகியவர்’ என்கிறோம். பொருளாதாரத்துறை, மருத்துவத்துறை என்கிறோம். தமிழ்நாட்டில் அரசாங்கக் கந்தோர்கூடத் துறைதான். நமக்கு அது திணைக்களம். இதில் எனக்கு எப்போதும் ஒரு சிறு சிரிப்பு வரும். பழைய பாட்டிலக்கணத்தில் திணையும் துறையும் சோடியாக வரும். கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டது, இந்தப் பக்கம் மற்றதை எடுத்துக்கொண்டது. பங்கு பிரித்தது யாரோ!

கிழக்கு மாகாணத்தாருக்கு இதைவிட நல்ல உதாரணம் கையிலேயே இருக்கிறது. ‘பாதை’ என்றால் மற்றவர்களுக்குத் தெரு, வழி. நமக்கு அது தண்ணீரைக் கடக்கும் மிதப்புப் படகும்தான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் கிண்ணியாவுக்குப் போவதென்றால் பாதையில்தான் ஏற வேண்டும். மட்டக்களப்புப் பக்கம் குருமன்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடுவதும் பாதைதான். “பாதை போயிட்டுது, அடுத்த பாதைக்கு நில்லுங்கோ” என்று கரையில் நிற்பவர் சொன்னால் வெளியூர்க்காரர் விழிப்பார். கடக்கும் வழிக்கும் கடத்திவிடும் படகுக்கும் ஒரே சொல். இந்த ஒன்று விளங்கினால் லத்தீன்காரர் செய்ததும் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் ஃபெரி என்ற சொல்லும் அதே ‘பெர்’ வேரில்தான் முளைத்தது.

போர்த்துஸின் பிள்ளைகளில் எனக்கு மிகப் பிடித்தது ‘ஒப்பர்ச்சூனிட்டி’. வாய்ப்பு என்று மொழிபெயர்க்கிறோமே, அதற்குள் துறைமுகம் ஒளிந்திருக்கிறது. பாய்க்கப்பல் காலத்தில் துறைமுகத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும் காற்றை லத்தீனில் ‘ஒப்போர்த்தூனுஸ்’ என்றார்கள். அந்தக் காற்று அடித்தால் காரியம் ஆகும். வடகீழ்ப் பருவக்காற்றில் வெளிக்கடல் குமுறும்போது உட்துறைமுகத்துக்குள் வந்து ஒதுங்கிய எவருக்கும் இந்தச் சொல்லின் அருமை தெரியும். தமிழனும் வாய்ப்புக்குக் காற்றைத்தான் கூப்பிட்டான், ஆனால் அவன் நின்றது களத்துமேட்டில்: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். உரோமன் பாயை விரித்தான், இவன் சுளகை எடுத்தான்.

இதற்கு எதிர்ச்சொல் ‘இம்போர்த்தூனுஸ்’. ஒதுங்க இடம் தராதது, தோதுப்படாதது. அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் ஓயாமல் நச்சரிக்கிறவரைக் குறிக்கிறது. கடன் கேட்டு வாசலில் நிற்கிறவரை நினைத்துக்கொள்ளலாம்.

பழைய ஆங்கிலத்தில் போர்ட் என்ற சொல் சந்தை கூடும் நகரத்துக்கும் வழங்கிற்று. அதனால்தான் இங்கிலாந்தில் கடலே எட்டாத ஊர்கள் சிலவற்றின் பெயரிலும் போர்ட் இருக்கிறது. இதுவும் நமக்குப் புதிதில்லை. பட்டினம் கடற்கரை ஊர், பட்டணம் எந்தப் பெரிய நகரமும்.

அடுத்தது இடப்பக்கம். கேள்வியில் எல்லோருக்கும் குழப்பம் தரும் பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சுக்கானைக் கப்பலின் பின்பக்க நடுவில் பொருத்தும் வழக்கம் வடஐரோப்பாவில் பிந்தித்தான் வந்தது. அதற்கு முன் பெரிய துடுப்பு ஒன்றைப் பின்பக்கம் வலது ஓரத்தில் தொங்கவிட்டுத் திருப்புவார்கள். அதிகம் பேர் வலக்கைக்காரர் என்பதால் வலது ஓரம். திருப்பும் பக்கம் என்ற பொருளில் அது ‘ஸ்டியர்போர்ட்’, பிறகு ‘ஸ்டார்போர்ட்’. இதன் வாலில் இருப்பது நம் போர்ட் இல்லை, பலகை, கப்பலின் பக்கம் என்ற பொருளில் வரும் வேறு சொல். நட்சத்திரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வலது ஓரத்தில் துடுப்புத் தொங்கினால் அந்தப் பக்கத்தைக் கரையில் அணைக்க முடியாது, துடுப்பு நசுங்கிவிடும். இடது பக்கத்தைத்தான் அணைக்க வேண்டும். சாமான் ஏற்றுவதும் அந்தப் பக்கத்தால்தான். ஆகவே ஏற்றும் பக்கம் என்ற பொருளில் இடது பக்கம் ‘லாட்போர்ட்’ ஆகி, காலப்போக்கில் மற்றச் சொல்லின் ஓசைக்கு இழுபட்டு ‘லார்போர்ட்’ ஆயிற்று.

இப்போது இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஸ்டார்போர்ட், லார்போர்ட். புயற்காற்றில், பாய் படபடக்க, ஒருவர் பின்னாலிருந்து கத்தினால் எது கேட்கும்? வால் மட்டும்தான் கேட்கும். வலம் என்று நினைத்து இடம் திருப்பினால் பாறைதான். அதனால் துறைமுகத்துக்கு முகம் காட்டும் பக்கம் என்ற பொருளில் ஏற்கனவே மாலுமிகளின் வாயில் இருந்த போர்ட் என்ற குறுஞ்சொல் முன்னுக்கு வந்தது. 1844இல் பிரித்தானியக் கடற்படைத் தலைமை இனி லார்போர்ட் வேண்டாம், போர்ட் என்றே சொல்லுங்கள் என்று உத்தரவிட்டது. இரண்டு வருடத்தில் அமெரிக்கக் கடற்படையும் அதே வழிக்கு வந்தது. ஆகக் கப்பலின் இடப்பக்கம் துறைமுகத்தின் பிள்ளைதான். நான் எழுதிய ‘துறைமுக’ என்பதில் வேர் மட்டும் சரி!

குழப்பம் அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. சுக்கானின் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் கப்பல் வலது பக்கம் திரும்பும். பின்னால் எஞ்சின் பூட்டிய சின்னப் படகு ஓட்டுகிற எல்லோருக்கும் இது கைப்பழக்கம். கட்டளைகள் கைப்பிடியை வைத்தே பிறந்தவை. சக்கரம் வந்த பிறகும் கட்டளை மாறவில்லை. ஆகையால் அந்தக் காலத்தில் ‘ஸ்டார்போர்ட்’ என்று கட்டளை வந்தால் கப்பலின் தலை இடப்பக்கம் போகும். 1912இல் பனிப்பாறையைக் கண்டதும் டைட்டானிக் கப்பலில் கொடுத்த கட்டளை ‘ஹார்ட் அ ஸ்டார்போர்ட்’. கப்பல் திரும்பியது இடப்பக்கம். மாலுமி பிழையாகத் திருப்பினான் என்று சிலர் கதைப்பது இந்தப் பழைய வழக்கம் தெரியாமல்தான். பிரித்தானியாவில் இதை 1933இல்தான் மாற்றினார்கள். இன்றைக்குப் போர்ட் பத்து என்று கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் சொன்னால் சுக்கான் பத்துப் பாகை இடப்பக்கம், கப்பலும் இடப்பக்கம்.

இரவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கப்பலின் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, மற்றப் பக்கம் பச்சை. விளக்கு வைத்த பிறகு உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்து நில்லுங்கள். சீனக்குடாப் பக்கம் போகவோ வரவோ ஒரு கப்பல் அசையும். கப்பலின் உருவம் இருட்டில் தெரியாது. சிவப்பு மட்டும் தெரிந்தால் அது உங்கள் இடதுகைப் பக்கம் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலதுகைப் பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உங்களை நோக்கி வருகிறது. கரையில் நிற்பவருக்குக் கவலை இல்லை, வள்ளத்தில் இருந்தால் உடனே விலக வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையும் வழியில் மிதக்கும் மிதவைகளுக்கும் இதே நிறங்கள். நம் பகுதியில் கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்காக்களிலும் ஜப்பானிலும் இதற்கு நேர்மாறு.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்கள்கூட அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆடம்பரம் என்ற பொருளில் வரும் ‘போஷ்’ என்ற சொல், கிழக்கே போகும்போது போர்ட் பக்க அறை, வீடு திரும்பும்போது ஸ்டார்போர்ட் பக்க அறை என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை, வெயில் படாத பக்கத்துக்குப் பணக்காரர் கூடக் காசு கொடுத்தார்கள் என்பது அந்தக் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படி முத்திரை குத்திய ஒரு பயணச்சீட்டைக்கூட இதுவரை எவரும் காட்டவில்லை.

அடுத்த சகோதரம் போர்த்தா, வாயில். பிரட்ரிக் கோட்டைக்குள் போயிருப்பீர்கள். கோணேசரைப் பார்க்கப் போகிற எல்லோரும் அந்த வாசலால் நுழைந்தே ஆக வேண்டும். மான்கள் உங்களுக்கு முன்னால் நுழைந்துகொண்டிருக்கும். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கட்டத் தொடங்கிய கோட்டை. வாசற்கல்லில் மீன் சின்னமும், ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்குவதாகச் சொல்லும் சிதைந்த தமிழ் எழுத்தும் இருக்கின்றன. கனத்த சுவரில் வெட்டிய இப்படிப்பட்ட திறப்புத்தான் போர்த்தா. போர்த்துக்கேய மொழியில் கதவுக்கு இன்றும் அதே பெயர். அவர்கள் நமக்கு அலுமாரி, கதிரை, வாங்கு, சாவி எல்லாம் தந்தார்கள், கதவின் பெயரைத் தரவில்லை. யன்னலைத் தந்தார்கள். ‘ஜனேலா’ என்ற அந்தச் சொல்லின் லத்தீன் வேரைத் தேடினால் சின்ன வாசல் என்றுதான் வருகிறது.

மரக்கப்பல்களின் பக்கவாட்டில் பீரங்கியின் வாயை வெளியே நீட்டுவதற்கு மூடியோடு கூடிய சதுரத் துளைகள் வைத்தார்கள். அந்தத் துளைக்கும் போர்ட் என்று பெயர், போர்த்தாவிலிருந்து வந்தது. காற்றும் வெளிச்சமும் வர வைத்த வட்ட யன்னலுக்கு ‘போர்ட்ஹோல்’. இதனால் ஒரு கூத்து நடந்தது. கப்பலின் ஸ்டார்போர்ட் பக்கத்திலும் நிறையப் போர்ட்டுகள் உண்டு! போர்ட்டில் நிற்கும் கப்பலின் போர்ட் பக்கத்துப் போர்ட் வழியாக ஒருவர் போர்ட் குடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார் என்று எழுதினால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

கணினியில் உள்ள போர்ட் இந்த வாயில் வகைதான். யுஎஸ்பி செருகும் இடம் உள்ளே போய் வெளியே வரும் ஒரு திறப்பு. கண்ணுக்குத் தெரியாத போர்ட்டும் உண்டு. இணையத்தோடு பேசும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் 0 முதல் 65,535 வரை இலக்கமிட்ட கதவுகள் இருக்கின்றன. பதினாறு இருமத் தானங்களில் எழுதக்கூடிய எண்கள் அவ்வளவுதான். பூட்டுக் குறியோடு ஒரு இணையதளம் திறக்கும்போது உங்கள் உலாவி வழக்கமாகத் தட்டும் கதவு 443. தமிழ்க் கலைச்சொல்லில் இதைத் துறை என்று எழுதுகிறார்கள். வரலாற்றை வைத்துப் பார்த்தால் வாயில் என்பதே நியாயம். ஆனால் துறையும் ஏறி இறங்கும் இடம்தானே, ஓடட்டும். உயிரியல் பாடத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதைவிடக் கவனமாக இருந்தார்கள். குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்க்கு ‘ஈரல் வாயி நாளம்’ என்று பெயர் வைத்தார்கள். இரத்தக் குழாய்கள் நுழையும் இடத்தை ஈரலின் வாசல் என்று பழைய உடற்கூற்றியலார் சொன்னார்கள். அந்த வாசலை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு கருவியையும் போர்ட் என்கிறார்கள். அதுவும் வாயில்தான்.

மூன்றாவது போர்த்தாரே, சுமந்து செல்வது. குடும்பத்தில் இதற்குத்தான் பிள்ளைகள் அதிகம். டிரான்ஸ்போர்ட் என்றால் அக்கரைக்குச் சுமப்பது. ரிப்போர்ட் என்றால் செய்தியைத் திரும்பச் சுமந்து வருவது. சப்போர்ட் என்றால் கீழேயிருந்து சுமப்பது, நாம் தாங்குதல் என்கிறோமே அதே படம். ஸ்போர்ட் என்பதும் இந்த வீட்டுப் பிள்ளை என்றால் நம்பமாட்டீர்கள். ‘தெஸ்போர்த்தெர்’ என்று பழைய பிரெஞ்சில் ஒரு சொல். மனதை வேலையிலிருந்து அப்பால் தூக்கிக்கொண்டு போதல். ஆங்கிலத்தில் அது ‘டிஸ்போர்ட்’ ஆகி, தலை உதிர்ந்து ஸ்போர்ட் ஆயிற்று.

இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டிலும் பெரும்பாலானோர் ஏமாறுவார்கள். துறைமுகத்துக்குள் வருவது இம்போர்ட், வெளியே போவது எக்ஸ்போர்ட் என்று ஒரு ஆசிரியரே எனக்குச் சொல்லித் தந்தார். பிழை. உள்ளே சுமப்பது, வெளியே சுமப்பது, அவ்வளவுதான். கழுதை முதுகில் மலையைக் கடந்து வந்தாலும் இம்போர்ட்தான். கடல் வாடை உண்மையில் அடிப்பது நம் சொற்களில்: ஏற்றுமதி, இறக்குமதி. கப்பலில் ஏற்று, கப்பலிலிருந்து இறக்கு. அதைப் பேசி வளர்ந்ததால்தான் ஆங்கிலச் சொல்லிலும் நாம் துறைமுகத்தைத் தேடுகிறோம் என்று நினைக்கிறேன்.

பாஸ்போர்ட் கதை வேறு. அதில் இருப்பது பிரெஞ்சுத் துறைமுகம், அதைக் கடக்க அனுமதி. கடவுச்சீட்டு என்று தமிழில் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. ‘கட’ என்ற வேர் ஒன்று, கடவை, கடவு, நாடுகடத்தல் என்று எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

போர்ட்டர் என்ற சொல் இரண்டு தகப்பன்மாருக்குப் பிறந்தது. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர் போர்த்தாரே வழி. இங்கிலாந்தின் பழைய கல்லூரிகளில் வாசலில் உட்கார்ந்திருக்கும் போர்ட்டர் போர்த்தா வழி, வாயிற்காவலர். பழைய ஆங்கிலப் பிரதி ஒன்றில் போர்ட்டர் வந்தால் மூட்டையை அவர் தலையில் ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். போர்ட்ஃபோலியோ இத்தாலியச் சொல். தாள் சுமக்கும் உறை. அமைச்சரின் கோப்புறையே அவருடைய பொறுப்புக்குப் பெயராயிற்று. அப்படிப் பார்த்தால் இலாகா இல்லாத அமைச்சர் வெறுங்கையோடு வந்தவர். படையினர் துப்பாக்கியை நெஞ்சுக்குக் குறுக்கே சாய்த்துப் பிடிக்கும் ‘போர்ட் ஆர்ம்ஸ்’, மென்பொருளை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் போர்ட், தமிழ்நாட்டில் தொலைபேசி இலக்கத்தை மாற்றாமல் நிறுவனம் மாறுவதைப் “போர்ட் பண்ணிட்டேன்” என்பது, எல்லாம் சுமக்கும் வகை. ஆக உங்கள் கணினிக்குள்ளேயே இரண்டு குடும்பம்: பெட்டியின் ஓரத்தில் வாயில், உள்ளே ஓடும் மென்பொருளில் சுமை.

வைனைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. போர்த்துக்கலில் தோரு ஆற்றின் வாயில் போர்த்து என்றொரு நகரம். மேலே ஆற்றோரத் தோட்டங்களில் செய்த வைன் அங்கிருந்துதான் கப்பலேறியது. புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயம் கலப்பதால் புளிப்பு நின்று இனிப்பு எஞ்சும். மதுச் சத்து ஏறக்குறைய இருபது வீதம். எந்தத் தோட்டங்களின் வைன் இந்தப் பெயருக்கு உரியது என்று 1756இலேயே எல்லை வகுத்துவிட்டார்கள். இது எனக்குச் சுவாரசியமாக இருப்பது ஊர்ப்பெயருக்காக. அந்த நகரத்துக்குத் துறைமுகம் என்றே பெயர். பக்கத்தில் இருந்த ‘போர்த்துஸ் காலே’ என்ற பழைய பெயர்தான் நாட்டுக்கே பெயராகிப் போர்த்துக்கல் ஆயிற்று. கோணேசர் கோயிலைப் பிரித்தவர்கள் துறைமுகம் என்ற பெயரைத் தலையில் வைத்துக்கொண்டே இந்தத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறார்கள். பிறகு டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடித்துப் பறித்ததும் இதற்காகவேதான்.

தமிழில் எப்படி எழுதுவது என்ற கடைசிக் கேள்விக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்ப்பேன். கப்பலின் உறுப்போ திசையோ பக்கத்தில் இருந்தால் இடப்பக்கம். கருவியோ சுவரோ இருந்தால் வாயில் அல்லது துறை. கிண்ணம் இருந்தால் போர்ட் என்று அப்படியே விட்டுவிடுவேன். துறைமுகம் என்று கை தானாக எழுதத் தொடங்கினால் ஒருமுறை நிறுத்தி மறுபடி வாசிப்பேன்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவதில் இன்னொரு கண்ணி உண்டு. நம் ‘ப’வுக்கு இரண்டு ஓசை. ஆகவே துறைமுகமும் போர்ட், பலகையும் போர்ட். ஆய்தப் புள்ளி வைக்காமல் எழுதினால் கோட்டையும் போர்ட். பேச்சில் ரகரம் தேய்ந்துவிட்டால் படகும் சேர்ந்துகொள்ளும், எல்லாம் ‘போட்’. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்திருந்த ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார்: “போட்டுக்கு எப்படிப் போறது?” கோட்டை வாசலுக்கு வழி சொன்னேன். அரை மணித்தியாலம் கழித்து மறுபடி எடுத்தார். மான்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, மூதூருக்குப் போகும் படகு எங்கே என்று கேட்டார்.